கணக்குக் கோப்புக்குப் பூட்டு
கேள்வி: குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். கம்பத்திலுள்ள ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் கணக்குக் கோப்புகளைப் பிறர் படிக்காதபடி காக்க இலவச மென்பொருள் உண்டா?

பதில்: உண்டு. வெர்னர் கோக் உருவாக்கி, 1999இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட குனூபிஜி, மூலநிரல் திறந்த, கட்டணமில்லாத மென்பொருள். விண்டோஸ் கணினியில் ஜிபிஜி4வின் தொகுப்பை நிறுவினால், அதிலுள்ள கிளியோபாட்ரா என்ற செயலி கோப்புகளையும் பிறர் படிக்க முடியாதபடி பூட்டித் தரும். தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியிலோ 2020 முதல் இவ்வசதி உள்ளிணைந்தே வருகிறது.

இம்முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மின்னணுச் சாவிகள் உண்டு: பிறருக்குத் தரும் பொதுச் சாவி, தாமே வைத்துக்கொள்ளும் தனிச்சாவி. ஆடிட்டர் அனுப்பும் அவருடைய பொதுச் சாவியால் நீங்கள் பூட்டுவதை, அவரிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவிதான் திறக்கும். ஆகவே, வந்த பொதுச் சாவி அவருடையதுதானா என்பதே முதன்மையான கேள்வி. சாவியின் கைரேகை எனப்படும் நீண்ட எழுத்து எண் வரிசையை, அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஓரெழுத்தும் விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். உங்கள் தனிச்சாவிக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நகலும் இன்றித் தனிச்சாவி தொலைந்தால் உங்களுக்காகப் பூட்டப்பட்டவற்றை மீட்க வழியில்லை. அனுப்புநர், பெறுநர் முகவரிகளை இம்முறை மறைக்காது.