வெல்டிங் ராடு பாதியிலேயே சிவந்துபோகிறதா?

2.5 எம்எம் கனமுள்ள 6013 ரக ராடை 120 ஆம்பியரில் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான், நண்பரே. அது 3.15 எம்எம் ராடுக்கான கரண்ட். 75 ஆம்பியரில் வைத்து ஒரு துண்டுத் தகட்டில் ஓட்டிப் பாருங்கள். ஆர்க் (ராடின் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்சுடர்) திணறினால் ஐந்தைந்தாக ஏற்றலாம், 90-ஐத் தாண்ட வேண்டாம்.

"ராடு தகட்டில் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் கரண்டைக் கூட்டினேன்" என்கிறீர்கள். நானும் பழகும்போது அதைத்தான் செய்தேன். ஒட்டிய ராடில் கரண்ட் பாய்ந்துகொண்டே இருக்கும், சில நொடிகளில் முழு ராடும் பழுத்துவிடும். உடனே மணிக்கட்டைச் சட்டென்று திருப்புங்கள்; வரவில்லையென்றால் ராடைக் கவ்வியிருக்கும் ஹோல்டரை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். முகத்துக்கு முன் பிடிக்கும் வெல்டிங் கண்ணாடியை மட்டும் விலக்காதீர்கள்.

அப்புறம், தீக்குச்சி உரசுவதுபோல் பற்றவைத்து, நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ராடின் உள்கம்பி கனத்துக்கே இடைவெளி விடுங்கள். எர்த் கிளாம்பு (மெஷினின் இன்னொரு வயரைத் தகட்டோடு இணைக்கும் கவ்வி) பிடிக்கும் இடத்தில் பெயின்ட், துரு இருந்தால் சுரண்டிவிடுங்கள், ஆர்க் தடுமாறாது. சிவந்த ராடின் பூச்சு கருகி உதிரும், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.