நூறாவது இடம் (கடிதமும் பதிலும்)

வணக்கமுங்கண்ணா,

2025 ஏப்ரல்ல மெக்இல்ராய் மாஸ்டர்ஸ் ஜெயிச்சதுல இருந்து கோல்ஃப் விடாம பாக்குறனுங்க. ஆட்டம் புரியுது. சீசன் முடிவுதான் புரியமாட்டேங்குது. நாலு கேள்விங்க.

ஒண்ணு, ஆகஸ்ட்ல அட்லாண்டாவுல டாமி ஃப்ளீட்வுட் ஃபெடெக்ஸ் கப் சாம்பியன்னு சொல்லி முடிச்சாங்க. செப்டம்பர்ல மறுபடியும் போட்டி ஓடுது. நவம்பர்ல துபாய்ல போட்டிய ஜெயிச்சது ஃபிட்ஸ்பாட்ரிக், ஆனா சாம்பியன் மெக்இல்ராயாம். எதுங்க சீசன்? ரெண்டு, 2024ல ஷெஃப்லர் பந்தத் தொடுறதுக்கு முன்னாடியே 10 அண்டர்ல, அதாவது கணக்குக்குப் பத்து அடி குறைவா நின்னாருன்னு படிச்சேன். 2025ல அந்த வழக்கத்தையே காணோம். மூணு, லீடர்போர்டுக்குப் பக்கத்துல ‘புரொஜெக்டட்’னு ஒரு எண் வருதுங்களே, ஆட்டத்த முடிச்சு வீட்டுக்குப் போனவருக்குக் கூட அது மாறிக்கிட்டே இருக்குது. எப்படிங்க? நாலு, திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்குத் தறிக்குப் போகணும். எதுக்குக் கண் முழிக்கறது, எதுக்குத் தூங்கறது?

பேர் போட வேண்டாமுங்க.
வாசகர், பல்லடம்

*

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிடிபட்டால் மற்ற மூன்றும் பாதி தீர்ந்துவிடும்.

பிஜிஏ டூரின் (அமெரிக்காவின் முதன்மை கோல்ஃப் தொடர்) வழக்கமான போட்டியில் முதலிடத்துக்கு 500 ஃபெடெக்ஸ் கப் புள்ளி. அடுத்தடுத்த இடங்களுக்கு 300, 190, 135, 110 என்று இறங்கும். இரண்டு மூன்று பேர் சமனாக முடித்தால், அவர்கள் பிடித்திருக்கும் இடங்களின் புள்ளிகளைக் கூட்டி ஆளுக்குச் சமமாகப் பிரிப்பார்கள். இதை ஒரே ஒரு பட்டில், அதாவது குழிக்குள் பந்தை உருட்டிவிடும் அடியில், வைத்துப் பாருங்கள். கடைசி கிரீனில் (குழி இருக்கும் புல்தரையில்) ஒருவர் 15 அண்டரில், அதாவது குழிகளுக்கு விதித்த ‘பார்’ அடிகளைவிட 15 குறைவாக, தனியாக இரண்டாமிடத்தில் நிற்கிறார். நாலடி தூரத்துப் பட் விழுந்தால் இந்தக் குழியும் பார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் 14 அண்டரில் முடித்துவிட்டு, ஷூவைக் கழற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பட் விழுந்தால் இவருக்கு 300. அந்த இருவருக்கும் 190, 135 இரண்டையும் கூட்டிப் பாதி, ஆளுக்கு 162.5. விழாமல் விளிம்பைச் சுற்றி வெளியே வந்தால் மூவரும் சமன். 300, 190, 135 மூன்றையும் கூட்டினால் 625; மூன்றில் ஒரு பங்கு 208.3. பட் போட்டவருக்கு 92 புள்ளி போயிற்று. சும்மா உட்கார்ந்திருந்த இருவருக்கும் ஆளுக்கு 46 புள்ளி வந்து சேர்ந்தது.

அந்த இருவரில் ஒருவர் மொத்தப் புள்ளிப் பட்டியலில் 102ஆம் இடத்தில் இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 46 புள்ளியில் அவர் 98க்கு ஏறிவிடலாம். அப்போது 100இல் இருந்தவர் 101க்கு இறங்குவார். அவர் வெள்ளிக்கிழமையே கட் தவறி (இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் வடிகட்டும் கோட்டைத் தாண்டாமல்) ஊருக்குப் போனவராகக்கூட இருக்கலாம். நீங்கள் கேட்ட எண் மாறுவது இப்படித்தான். ‘இந்த நொடியில் ஆட்டம் நின்றுபோனால் யார் எங்கே’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

ஆகவே வியாழன், வெள்ளியில் அந்தப் பத்தியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பாதிப் பேர் டீக்கே (முதல் அடி அடிக்கும் இடத்துக்கே) வந்திருக்க மாட்டார்கள், அவர்களையும் சேர்த்து அது கணக்குப் போடும். ஞாயிற்றுக்கிழமை முன்னணி ஜோடி பத்தாவது குழியைத் தாண்டிய பிறகுதான் அதற்கு மதிப்பு வரும். அப்போதும் எத்தனை குழி முடிந்தது என்று காட்டும் பக்கத்து ‘த்ரூ’ பத்தியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவர் 14 குழி முடித்திருக்கிறார், மிச்சம் நான்கில் ஒன்று பார் 5 என்றால், அவருடைய எண் இன்னும் நகரும். 18 முடித்தவர் எண் மற்றவர்களின் கையில் இருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. சீசன் ஒரே நாளில் முடிவதில்லை. ஒவ்வொரு எல்லைக் கோட்டுக்கும் தனித்தனி நாள் இருக்கிறது.

ஆகஸ்டில் மூன்று வாரம், ஃபெடெக்ஸ் கப்பின் இறுதிக் கட்டம். மெம்பிஸில் 70 பேர் ஆடுவார்கள், அங்கிருந்து 50 பேர் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப்புக்குப் போவார்கள், அதிலிருந்து 30 பேர் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக்குக்கு. மூன்றிலும் கட் கிடையாது. இதைப் ‘பிளே-ஆஃப்’ என்கிறார்கள். சமனாக முடித்த இருவர் மோதும் கூடுதல் குழிக்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம். டிவியில் எல்லாரும் 30ஆம் கோட்டைப் பற்றியே பேசுவார்கள். அதற்குள் வந்தால் மாஸ்டர்ஸ் அழைப்பு உறுதி என்பது உண்மைதான். ஆனால் வாழ்க்கையை மாற்றும் கோடு மெம்பிஸில் வரும் 50 என்பது என் கருத்து. உள்ளே வந்தவருக்கு அடுத்த ஆண்டின் சிக்னேச்சர் போட்டிகள் அத்தனைக்கும் இடம் உண்டு. அவற்றில் பரிசுப்பணம் 2 கோடி டாலர், வெற்றிக்கு 500 அல்ல, 700 புள்ளி. 51ஆம் ஆள் அந்தப் புள்ளிகளுக்கு வெளியே நின்றுகொண்டு மறுவருடம் அதே 50ஐப் பிடிக்க வேண்டும். ஒருமுறை கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர் திரும்பி வர ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்பதற்கு இதுதான் காரணம்.

முதல் இரண்டு வாரங்களிலும் வெற்றிக்கு 2000 புள்ளி, அதாவது நான்கு சாதாரண வெற்றி. 2024இல் கீகன் பிராட்லி மெம்பிஸில் சறுக்கி, சரியாக 50ஆம் இடத்தில், கடைசி ஆளாக பிஎம்டபிள்யூவுக்குள் நுழைந்தார். அந்த வாரமே அதை வென்று நேராக 4ஆம் இடத்துக்குப் போனார். மெம்பிஸில் அன்று வேறு யாரோ ஒருவரின் பட் ஒன்று மாறியிருந்தால் அவருடைய ஆண்டு அங்கேயே முடிந்திருக்கும். மறுபக்கம், 2025இல் மெக்இல்ராய் மெம்பிஸுக்குப் போகவே இல்லை. பட்டியலில் இரண்டாமிடத்தில் இருந்தவருக்கு அந்த வாரம் ஓய்வெடுத்தாலும் எந்தக் கோடும் தொட வராது.

செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை நடப்பது வேறு கூட்டத்தின் கதை. 50க்குள் வந்தவர்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒன்றுதான். 51க்குக் கீழே இருப்பவர்களுக்கு இது வேலை நிலைக்குமா என்ற கேள்வி. 2024 வரை முதல் 125 பேருக்கு முழு அட்டை, அதாவது மறுவருடம் பிஜிஏ டூரில் ஆடும் உரிமை, கிடைத்தது. 2025 முடிவிலிருந்து 100 பேருக்குத்தான். 101 முதல் 125 வரை இருப்பவர்களுக்கு அரைகுறை உரிமை: யாராவது வராவிட்டால் இடம். கடைசிப் போட்டி ஜார்ஜியாவின் சீ ஐலண்டில் ஆர்எஸ்எம் கிளாசிக். 2025இல் அதை வென்ற சாமி வாலிமாகி, பிஜிஏ டூரில் வென்ற முதல் ஃபின்லாந்துக்காரர்.

சீ ஐலண்டில் ஒன்றைக் கவனியுங்கள். நவம்பரில் பகல் குறைவு, ஆட்கள் அதிகம். அதனால் முதல் இரண்டு நாளும் இரண்டு மைதானங்களில் ஆடுவார்கள்: ஒன்று பார் 70, இன்னொன்று பார் 72. வியாழன் இரவு லீடர்போர்டில் 6 அண்டரில் நிற்கும் இருவரும் ஒரே மாதிரி ஆடியதாக நினைத்துவிடாதீர்கள். யார் எந்த மைதானத்தை முடித்திருக்கிறார், நாளை எது மிச்சம் என்று பார்த்த பிறகுதான் கட் எங்கே விழும் என்று சொல்ல முடியும். 65 பேரும் அவர்களோடு சமனானவர்களும் உள்ளே. இருட்டிவிட்டால் இரண்டாம் சுற்றின் மிச்சம் சனிக்கிழமை காலைக்குத் தள்ளும், கட்டும் அதுவரை முடிவாகாது.

துபாய்க் கணக்கு இதைவிட நேரானது. டிபி வேர்ல்ட் டூரில் (ஐரோப்பாவை மையமாகக் கொண்ட தொடர்) ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளி கடைசிப் போட்டியிலும் கூடவே வரும், யாரும் அழிப்பதில்லை. அதனால்தான் கடைசிப் போட்டிக்கு ஒரு வெற்றியாளர், ஆண்டுக்கு ஒரு சாம்பியன். 2025இல் மெக்இல்ராய் கடைசிக் குழியில் ஈகிள் (பாரைவிட இரண்டு அடி குறைவு) போட்டு ஃபிட்ஸ்பாட்ரிக்கைச் சமன் செய்தார். அது நடுவே ஓடை போகும் பார் 5. கூடுதல் ஆட்டமும் அங்கேதான், அதில் தோற்றார். தோற்றும் ரேஸ் டு துபாய் என்ற ஆண்டுப் பட்டம் அவருக்கு ஏழாவது முறையாகக் கிடைத்தது. எட்டு முறை வென்ற காலின் மாண்ட்கோமரியை எட்ட அவருக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. இந்தப் பட்டியலில் ஏற்கெனவே உரிமை இல்லாத முதல் பத்துப் பேருக்குப் பிஜிஏ டூர் அட்டை உண்டு. சாம்பியனைவிட அந்தப் பத்தாவது ஆளைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ரேக்ளாவைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். நம் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து நேரம் குறிக்கிறார்கள் அல்லவா? பக்கத்து வண்டியை முந்துவதல்ல, கடிகாரத்தை முந்துவதுதான் போட்டி. கோல்ஃபும் அந்த வகை: எதிராளி இல்லை, எண்தான். (200 மீட்டர் என்பது 219 யார்டு. தொழில்முறை ஆட்டக்காரர் அந்த ரேக்ளாத் தடத்தை நீளமான ஓர் இரும்புத் தலை மட்டையால் ஒரே அடியில் தாண்டிவிடுவார்.) இப்போது, போன பந்தயங்களில் நன்றாக ஓடிய காளைகளுக்கு இரண்டு வினாடி கழித்துக்கொள்கிறோம் என்று விழாக் கமிட்டி அறிவித்தால் எப்படி இருக்கும்? 2019 முதல் 2024 வரை ஈஸ்ட் லேக்கில் நடந்தது அதுதான். புள்ளியில் முதல்வர் 10 அண்டரில் தொடங்குவார், அடுத்தவர் 8, பிறகு 7, 6, 5. ஆறு முதல் பத்து வரை 4. இப்படியே இறங்கி, கடைசி ஐவருக்கு ஒன்றுமில்லை.

2024இன் கணக்கைப் பாருங்கள். ஷெஃப்லர் 30 அண்டர், மோரிகாவா 26, சாஹித் தீகலா 24. தொடக்கச் சலுகையான 10, 4, 3ஐக் கழித்தால் நான்கு நாளில் உண்மையாக அடித்தது 20, 22, 21. மூவரில் குறைவாக ஆடியவர் கோப்பையையும் 2.5 கோடி டாலரையும் எடுத்துப் போனார். உலகத் தரவரிசை மட்டும் சலுகையை ஒதுக்கிவிட்டு அடித்த அடிகளை எண்ணியது. தீகலா மூன்றாம் நாள் பங்கரில் (மணற்குழியில்) பின்வீச்சின்போது மணல் தட்டியதாகத் தானே சொல்லி இரண்டு அடி தண்டனை ஏற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2025இல் எல்லாரும் பூஜ்யத்தில் தொடங்கினார்கள். 18 அண்டர் அடித்த ஃப்ளீட்வுட்டுக்கு அது பிஜிஏ டூரில் முதல் வெற்றி, 1 கோடி டாலர். அதுவரை அந்த ஆண்டில் ஐந்து போட்டிகளை வென்றிருந்த ஷெஃப்லர் நான்காமிடத்தில் சமனாக முடித்தார். நியாயமா என்றால் முழு நியாயம் இல்லை, எட்டு மாத உழைப்பு ஈஸ்ட் லேக் வாசலோடு சரி. புரிகிறதா என்றால் புரிகிறது. எனக்கு இதுவே மேல்.

இனி தூக்கம். ஆகஸ்டில் அட்லாண்டா நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். ஞாயிறு கடைசி ஜோடி நம் இரவு பதினொன்றரை வாக்கில் தொடங்கி, திங்கள் அதிகாலை மூன்றரை வாக்கில் முடிக்கும். ஒன்பது மணிக்குப் படுத்து இரண்டே முக்காலுக்கு எழுந்தால் அவர்கள் 14, 15ஆவது குழியில் இருப்பார்கள். முக்கால் மணி நேரம் போதும். பிறகு ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுத் தறிக்குப் போகலாம். இதில் தவறுவது ஒரே இடத்தில்: அங்கே ஆகஸ்ட் மாலையில் இடி மழை வழக்கம். மழை வரும் என்றால் மூன்று மூன்று பேராக, 1ஆம் குழியிலும் 10ஆம் குழியிலும் ஒரே நேரத்தில் காலையிலேயே விட்டுவிடுவார்கள். அன்று அலாரம் அடிக்கும்போது கோப்பையே கொடுத்து முடித்திருப்பார்கள். ஞாயிறு காலை நம் நேரத்துக்கே டீ நேரங்கள் வந்துவிடும், பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதன்பின் சீ ஐலண்டும், பெண்களின் கடைசிப் போட்டி நடக்கும் புளோரிடாவின் நேப்பிள்ஸும் நமக்குப் பத்தரை மணி நேரம். நேப்பிள்ஸில் 60 பேர், வென்றவருக்கு 40 லட்சம் டாலர். 2024, 2025 இரண்டிலும் ஜீனோ திதிகுல். துபாய் ஒன்றரை மணி நேரம்தான், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்துவிடும்.

நம் நாட்டுப் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். இந்தியத் தொழில்முறைத் தொடரான பிஜிடிஐயின் பணப் பட்டியலில் ஆண்டு முடிவில் முதலிடம் பிடிப்பவருக்கு டிபி வேர்ல்ட் டூர் அட்டை கிடைக்கிறது. 2024இல் அது வீர் அஹ்லாவத்துக்கு. ஒரே ஒரு இடம் என்பதால் அங்கே கோடு 1க்கும் 2க்கும் நடுவில். அதற்குக் கண்விழிக்க வேண்டியதும் இல்லை.

கடைசியாக ஒரு கோடு மிச்சம் இருக்கிறது. ஆண்டு முடிவில் உலகத் தரவரிசையில் முதல் 50 பேருக்கு மாஸ்டர்ஸ் அழைப்பு வரும். அதில் இரண்டு ஆண்டுப் புள்ளிகள் சேரும். முதல் 13 வாரம் முழு மதிப்பு, பிறகு வாரம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கூட்டுத்தொகையை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள், குறைந்தது 40ஆல். கிறிஸ்துமஸ் வாரத்தில் போட்டி எதுவும் இராது. ஆனாலும் திங்கட்கிழமை பட்டியலைத் திறந்து 48 முதல் 53 வரை பாருங்கள். யாரும் பந்தைத் தொட்டிருக்க மாட்டார்கள், எண்கள் மாறியிருக்கும்.

அன்புடன்.