பட்டறையில் வெட்டுப்பட்டால்: கைக்கு எட்டும் பொருள்களில் எது உதவும், எது கெடுக்கும்?

வீட்டிலேயே சிறு மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பெரும்பாலும் தனியாகத்தான் வேலை செய்கிறேன். உளியோ ஆங்கிள் கிரைண்டரோ கையைக் கிழித்துவிட்டால், அந்த நேரத்தில் அருகில் இருப்பவை பனியன் வேஸ்ட், இன்சுலேஷன் டேப், சூப்பர் க்ளூ, கயிறு, இடுப்பு பெல்ட் ஆகியவைதாம். இவற்றை வைத்து இரத்தத்தை நிறுத்துவது எப்படி? காயத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டினால் போதுமா?"

நீங்கள் சொன்ன ஐந்து பொருள்களையும்விட முக்கியமானது, அடிபடாத உங்கள் மற்றொரு கைதான். பட்டறையில் ஏற்படும் வெட்டுக் காயங்களில் மிகப் பெரும்பாலானவை, இரத்தம் வரும் இடத்தின் மீதே நேராகவும் விடாமலும் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். கட்டு, டேப் முதலியவை அந்த அழுத்தத்தைத் தொடர்ந்து நிலைநிறுத்த உதவுபவை மட்டுமே. ஆகவே இயந்திரத்தை நிறுத்தியவுடன் பொருள் தேடி அலையாமல், இருக்கும் துணிகளில் சுத்தமானதை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, தரையில் உட்கார்ந்து, வலுவாக அழுத்துங்கள். உட்காரச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சொந்த இரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சியில் மயங்கி விழுபவர்கள் பலர், இயந்திரத்தின் மேல் விழுந்தால் அது இரண்டாவது விபத்தாகிவிடும்.

குறைந்தது 10 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தபடி, இடையில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தக் கட்டி பிய்ந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. துணி நனைந்து ஊறினால் அதன் மேல் இன்னொரு மடிப்பு வைக்கலாம். அதுவும் ஊறினால், மேன்மேலும் துணியை அடுக்குவதில் பயனில்லை. அழுத்தம் சரியான இடத்தில் விழவில்லை என்பதே அதன் பொருள். அப்போது மட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரத்தம் கிளம்பும் புள்ளியைக் கண்டு, அதன் மேல் நேரடியாக விரல்களால் அழுத்த வேண்டும். அடிபட்ட கையை உயர்த்திப் பிடிப்பதில் தவறில்லை, ஆனால் அது அழுத்தத்துக்கு மாற்றாகாது. இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிக நேரம் அழுத்த வேண்டியிருக்கும்.

துணி விஷயத்தில், எண்ணெயும் இரும்புத் துகளும் படிந்த பனியன் வேஸ்ட் கடைசித் தேர்வாக இருக்கட்டும். போட்டிருக்கும் சட்டையே அதைவிட மேல். உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு என்றால் அழுக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கிடைத்ததை வைத்து அழுத்துங்கள். கிருமித் தொற்றை மருத்துவமனையில் சமாளிக்கலாம். பஞ்சையும் டிஷ்யூ பேப்பரையும் நேராகக் காயத்தில் வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். மரத்தூள் உட்பட எந்தத் தூளையும் தூவ வேண்டாம்.

இன்சுலேஷன் டேப்பை மடித்த துணியின் மேல் சுற்றலாம். ஆனால் அது இழுத்தால் நீண்டு, பிறகு சுருங்கி இறுக்கும் தன்மையுடையது. விரல் வீங்க வீங்க அதுவே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் வளையமாகிவிடும். சுற்றிய பின் விரல் நுனியை அழுத்திவிட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் ஏறத்தாழ 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலும், விரல் நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும் உடனே தளர்த்துங்கள். சூப்பர் க்ளூவைக் காயத்தில் ஊற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மருத்துவத்தில் பயன்படும் பசையும் அதே சயனோஅக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், கடைப் பசையின் வேதி வடிவம் வேறு. அது இறுகும்போது வெப்பம் உண்டாக்கித் திசுவைப் புண்ணாக்கும், உள்ளே இருக்கும் அழுக்கையும் சேர்த்து மூடிவிடும்.

இனிக் கயிற்றுக்கு வருவோம். இரத்தம் பீறிட்டு அடித்தாலோ, தரையில் தேங்கினாலோ, கையோ காலோ துண்டானாலோ, அழுத்தியும் நிற்காவிட்டாலோதான் டூர்னிக்கே எனப்படும் இறுக்குக் கட்டு தேவைப்படும். அதற்குக் கயிறும் கம்பியும் உதவா: மெல்லியதாக இருப்பதால் அவை தோலையும் நரம்பையும் நசுக்குமே தவிர, ஆழத்தில் ஓடும் தமனியை மூடுவதில்லை. அரைகுறையாக இறுகிய கட்டு இன்னும் மோசமானது, ஏனெனில் தமனி வழியே இரத்தம் உள்ளே வந்துகொண்டிருக்க, சிரை வழியே திரும்பிப் போவது மட்டும் தடைப்பட்டு, காயத்திலிருந்து வழிவது கூடும். பெல்ட் விறைப்பானது என்பதால் போதுமான அளவு முறுக்க முடியாது. குறைந்தது 4 செ.மீ. அகலத்தில் மடித்த உறுதியான துணியைக் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் சுற்றி, ஒரு முடிச்சிட்டு, அதன் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்து மறு முடிச்சுப் போட்டு, இரத்தம் முழுதும் நிற்கும்வரை அதை முறுக்கி, பின்னோக்கிச் சுழலாதபடி கட்டிவிட வேண்டும். கடுமையாக வலிக்கும், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதிவைத்து, மருத்துவர் கையாலேயே அவிழ்க்கப்பட வேண்டும். இதையெல்லாம் ஒற்றைக் கையால் செய்வது ஏறக்குறைய முடியாத காரியம். தனியாக வேலை செய்யும் நீங்கள், முறுக்குக் கோலுடன் வரும் ஆயத்த டூர்னிக்கே ஒன்றை வாங்கி, ஒரு கையால் மாட்டிப் பழகி, பட்டறைச் சுவரிலேயே தொங்கவிடுங்கள். முதலுதவிப் பெட்டியின் இடமும் அதன் பக்கத்தில்தான். விரல் காயத்துக்கு இறுக்குக் கட்டு வேண்டாம். விரலில் நூலோ ரப்பர் வளையமோ மாட்டவே கூடாது.

அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் இறுக்குக் கட்டு போட முடியாது. அங்கே ஆழமான காயமென்றால், சுத்தமான துணியைக் காயத்தின் அடிவரை திணித்து நிரப்பி, மேலிருந்து முழு பலத்துடன் அழுத்த வேண்டும். குத்தி நிற்கும் உளியையோ மரச் சிராயையோ பிடுங்காமல், அசையாதபடி இரு பக்கமும் துணி வைத்துக் கட்டுங்கள். விரல் துண்டானால், துண்டை ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் திசு கெட்டுவிடும். பெரிய காயமானால் ஒலிபெருக்கியில் கைபேசியை வைத்து ஆம்புலன்ஸை அழைத்தபடியே அழுத்துங்கள், வாசற்கதவைத் திறந்துவைக்க முடிந்தால் திறந்துவையுங்கள், நீங்களே வண்டி ஓட்டாதீர்கள்.

சிறு காயமானால், இரத்தம் நின்ற பின் ஓடும் குழாய் நீரில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு விரலை முழுதும் மடக்கி நீட்ட முடிகிறதா, நுனியின் இரு பக்கமும் தொடு உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், காயத்தின் விளிம்புகள் பிளந்து நின்றாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்தால் தானாக ஒட்டாது. டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டுகள் ஆகியிருந்தால், அழுக்கான அல்லது ஆழமான காயத்துக்கு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால், மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் இரத்தமே வராது. பெயின்ட் தெளிப்பான், கிரீஸ் கன் போன்றவற்றின் உயர் அழுத்தப் பீச்சல் தோலைத் துளைத்தால், வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. உள்ளே பெயின்டோ எண்ணெயோ தசைநாண் வழியே பரவி விரலையே இழக்கச் செய்யலாம். புள்ளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எந்தக் கருவி, உள்ளே போன பொருள் எது என்ற விவரத்துடன் உடனடியாக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.