நம் செல்லின் நொதிகள் கொரோனா வைரஸுக்கு உதவுகின்றனவா?

பாளையங்கோட்டை மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொரோனா வைரஸின் புரதங்களை நம் செல்லின் நொதிகளே மாற்றியமைக்கின்றன என்று படித்தேன், அதனால் நோயெதிர்ப்பு குறையுமா?"

குறையவும் செய்யும், கூடவும் செய்யும். எந்த நொதி எந்தப் புரதத்தைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது அது. தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரை, பத்தமடையில் காய்ந்து, நீரில் ஊறி, மெல்லிய இழையாகக் கிழிபட்ட பிறகே பாயாகிறது. வைரஸின் கூர்முனைப் புரதமும் அவ்வாறே நம் செல்லுக்குள் பக்குவப்படுகிறது. ஃபியூரின் என்னும் நம் நொதி அதை ஓரிடத்தில் வெட்டுகிறது. புதிய செல்லில் நுழையும் வேளையில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்னும் நம் இன்னொரு நொதி இன்னோரிடத்தில் வெட்டுகிறது. ஒவ்வொரு கூர்முனைப் புரதச் சங்கிலியிலும் 22 இடங்களில் நம் நொதிகள் சர்க்கரைத் தொடர்களை ஒட்ட முடிவதால், நம் சொந்தச் சர்க்கரையே போர்வையாகி, எதிர்ப்பொருள்கள் பற்றவேண்டிய பகுதிகள் பலவற்றை மறைத்துவிடுகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது யுபிகுவிட்டின். இச்சிறு புரதம் ஒட்டப்படுவது பெரும்பாலும் அழிவுக்கான அடையாளம். ஆனால் அதன் சங்கிலி பிணையும் விதம் மாறினால் பொருளும் மாறும். வைரஸின் ஓ.ஆர்.எஃப்.7ஏ புரதத்தில் கே63 வகைச் சங்கிலி ஏறும்போது, அது அழிவதற்குப் பதிலாக, வைரஸ் புகுந்ததும் செல் வெளியிடும் இன்டர்ஃபெரான் என்னும் புரதம் எழுப்பும் எச்சரிக்கையை அடக்குவதில் மேலும் வலுப்பெறுகிறது.

மறுபுறம், ஐ.எஸ்.ஜி.15 என்னும் புரதத்தை நம் நொதிகள் எம்.டி.ஏ.5 என்ற காவல் புரதத்தில் ஒட்டி அதை விழிப்படையச் செய்கின்றன. வைரஸோ, பப்பாளிப் பாலின் நொதியை ஒத்த தன் புரோட்டியேஸால், அதாவது புரதத்தை வெட்டும் நொதியால், ஒட்டிய ஐ.எஸ்.ஜி.15-ஐக் கழற்றிவிடுகிறது. வைரஸ் பெருகுவதற்கும் இதே புரோட்டியேஸ் தேவைப்படுவதால்தான் மருந்தாய்வாளர்கள் இதைக் குறிவைக்கிறார்கள்.