கிரம்பிள் ஏன் களியாகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஆப்பிள் கிரம்பிள் (பழத்தின் மேல் உதிரி மாவைத் தூவி வேகவைக்கும் பிரிட்டிஷ் இனிப்பு) பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் ஒரே புலம்பல்: “மேலே பொன்னிறம், கரண்டியை விட்டால் உள்ளே மாவுக் களி.” அதனால் இந்த முறை பக்கம் முழுக்க கிரம்பிளுக்கே.

கேள்வி: மைதா, வெண்ணெய், சர்க்கரை விகிதத்தை ஆளுக்கு ஒரு கணக்காகச் சொல்கிறார்கள். ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுங்களேன்.
– ஹாரோ வாசகி

மேல்மாவுக்கு 2:1:1 என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எடைக் கணக்கு; கப் கணக்கு அல்ல. ஆறு பேருக்கு மைதா 200 கிராம் (கடைப் பையில் பிளெயின் ஃபிளவர் என்று இருக்கும்), வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையில் பாதியை டெமராரா என்ற பழுப்புச் சர்க்கரையாக வைத்தால் நல்லது. அதன் பரல் பெரிது, சீக்கிரம் கரையாது, கடிக்கும்போது நறநறவென்று இருக்கும்.

அடியில் போட பிராம்லி என்ற புளிப்புச் சமையல் ஆப்பிள் 900 கிராம். தோலும் நடுப்பகுதியும் போனால் 700 கிராம் நிற்கும். அதற்கு 80 கிராம் காஸ்டர் சர்க்கரை (பொடிப்பரல் சர்க்கரை), விருப்பப்பட்டால் அரை டீஸ்பூன் பட்டைத்தூள். பாத்திரம் 20 செ.மீ.க்கு 25 செ.மீ., 5 செ.மீ. ஆழம் இருக்கட்டும்.

அவனை (ஓவன் அடுப்பை) 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். விசிறி ஓடும் அவன் என்றால் 170. ஆப்பிளை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, சர்க்கரையில் புரட்டி, பாத்திரத்தில் பரப்புங்கள். வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்து, சிறு சதுரங்களாக வெட்டி மைதாவில் போட்டு, விரல்நுனியால் பிசறுங்கள். உள்ளங்கை படவே கூடாது. பதம் தெரிய வேண்டுமா? புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஆனால் புட்டு மாவு போல ஒரே சீராக இருக்கக் கூடாது. பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே நிற்கட்டும். பிறகுதான் சர்க்கரை. கடைசியாக ஒரு டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணீரைத் தெளித்து முள்கரண்டியால் கிளறினால் இன்னும் கொஞ்சம் கட்டிகள் சேரும். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, பழத்தின் மேல் தூவுங்கள்.

40 முதல் 45 நிமிடம். வெளிர் மஞ்சளைப் பார்த்து ஏமாந்து எடுத்துவிடாதீர்கள். நல்ல பழுப்பு ஏறி, ஓரத்தில் சாறு பாகு போலக் கெட்டியாகக் கொப்புளிக்க வேண்டும். வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். சுடச்சுடத் தோண்டினால் சாறு தண்ணீராக ஓடும். சற்று ஆறினால் ஆப்பிளில் உள்ள பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் அதை இறுக்கிவிடும்.

கேள்வி: அளவெல்லாம் சரியாகத்தான் போடுகிறேன். மேல் அரை அங்குலம் வெந்திருக்கிறது, அதற்குக் கீழே பச்சை மாவு பசையாக ஒட்டுகிறது. அவன் கோளாறா?
– லெஸ்டர் வாசகர்

அவனைக் குறை சொல்லும் முன் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். கிரம்பிளில் இரண்டு சமையல் ஒரே பாத்திரத்தில் நடக்கிறது. கீழே பழம் அவிகிறது, மேலே மாவு வறுபடுகிறது. பழத்திலிருந்து கிளம்பும் ஆவி மாவுக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். வழி இருந்தால் போய்விடும். வழி இல்லையென்றால் அங்கேயே தங்கி மாவை நனைக்கும். நனைந்த மாவின் சூடு, நீர் வற்றும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாத மாவு சிவக்காது, மொறுமொறுக்காது. களிதான்.

வழியை அடைப்பது பெரும்பாலும் நம் கைதான். மாவை ரவை போல நைஸாகப் பிசறினால் இடைவெளியே இருக்காது. ஃபுட் பிராசசரில் அரைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நாலைந்து முறை விட்டுவிட்டு அழுத்தி நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் மாவு உருண்டு திரண்டுவிடும். தூவிய மாவைக் கரண்டியால் தட்டிச் சமப்படுத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். மூன்றாவது கனம்: 2 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. சின்னப் பாத்திரத்தில் முழு அளவு மாவையும் கொட்டுகிறவர்களுக்குத்தான் உங்கள் பிரச்சினை வரும். மிஞ்சிய மாவு ஃப்ரீசருக்குப் போகட்டும்.

வெண்ணெய்க்குப் பதில் ரொட்டியில் தடவும் ஸ்பிரெட் போட்டீர்களா என்றும் பாருங்கள். வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு. கொழுப்பு குறைந்த ஸ்பிரெட்டில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். அது நேராக மாவுக்குள் இறங்கும்.

இத்தனையும் சரிபார்த்த பிறகும் சரிவரவில்லை என்றால், இரண்டையும் பிரித்துவிடுங்கள். மாவைத் தட்டையான டிரேயில் பரப்பி 180 டிகிரியில் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறி, இளம் பொன்னிறமாக வறுத்தெடுங்கள். வெந்த பழத்தின் மேல் அதைத் தூவி இன்னொரு 15 நிமிடம் அவனில் வைத்தால் போதும். பழைய கைகள் இதை ஏமாற்று வேலை என்பார்கள். என்றாலும் சாறு மிகுந்த பழங்களுக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது.

வெந்ததும் ஆறிவிடாமல் இருக்க அலுமினியத் தாளால் மூடி வைக்கிறீர்களா? அதற்குள் சேரும் ஆவி, நீங்கள் 45 நிமிடம் பாடுபட்டதை ஐந்து நிமிடத்தில் நனைத்துவிடும்.

கேள்வி: மேல்மாவு மொறுமொறுப்பாக இல்லை, வாயில் போட்டால் மாவுப்பொடி பறக்கிறது. இது எதனால்?

முந்தையதற்கு நேர் எதிர். வெண்ணெய் போதவில்லை, அல்லது சரியாகப் பிசறாமல் பாதி மாவு காய்ந்தே கிடக்கிறது. பாத்திரத்தை லேசாகக் குலுக்கினால் காய்ந்த மாவு அடியில் தங்கும். அதைத் தேடிப் பிசறுங்கள்.

கேள்வி: பிராம்லிதான் வேண்டுமா? வீட்டில் குழந்தைகள் தின்னாமல் கிடக்கும் சாதாரண ஆப்பிளில் செய்தேன், துண்டு துண்டாக விறைத்து நின்றது.
– குரோய்டன் வாசகி

பிரிட்டனில் ஆப்பிளைச் சமைக்க ஒன்று, தின்ன ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சமையல் ஆப்பிளின் ராஜா பிராம்லி. நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையில் முளைத்த மரத்தின் வாரிசுகள்தான் இவையெல்லாம். பெயர் மட்டும் அந்த வீட்டைப் பின்னால் வாங்கிய கசாப்புக்காரர் மேத்யூ பிராம்லிக்குப் போய்விட்டது. விதை ஊன்றியவளுக்கு ஒன்றுமில்லை!

பிராம்லியில் புளிப்புத் தரும் மாலிக் அமிலம் அதிகம், இனிப்பு குறைவு. வெந்தால் பஞ்சு போல நுரைத்துக் கரைந்துவிடும். காக்ஸ், பிரேபர்ன் போன்ற தின்னும் ஆப்பிள்கள் வெந்தாலும் வடிவம் கலையாது. நமக்குப் பிடித்தது கலவை: மூன்றில் இரண்டு பங்கு பிராம்லி, ஒரு பங்கு காக்ஸ். குழைவும் கிடைக்கும், கடிக்கத் துண்டும் கிடைக்கும்.

தின்னும் ஆப்பிள் மட்டும்தான் இருக்கிறது என்றால், சர்க்கரையை 30 கிராமாகக் குறைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள். துண்டுகளைச் சிறிதாக்கி, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீருடன் மூடிபோட்டு அடுப்பில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு, ஆறியபின் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சூடான பழத்தின் மேல் மாவைத் தூவினால் வெண்ணெய் அவனுக்குள் போகும் முன்பே உருகிவிடும்.

நறுக்கிய ஆப்பிள் கறுக்காமலிருக்கத் தண்ணீரில் போட்டு வைப்பதும் வேண்டாம். கறுத்தால் என்ன, வெந்தபின் யாருக்குத் தெரியப்போகிறது? ஊறிய தண்ணீர்தான் தொல்லை.

கேள்வி: ரூபார்ப் (புளிப்புத் தண்டுச் செடி) கிரம்பிள் செய்தால் பாத்திரத்தில் ஏரி நிற்கிறது.
– வேக்ஃபீல்ட் வாசகர்

ரூபார்பின் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி! வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஊர்களைச் சுற்றிய முக்கோணத்தில் இருட்டுக் கொட்டகைக்குள் வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிக்கும் ரூபார்ப்புக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் தகுதி கிடைத்தது. குளிர்காலக் கடைசியில் வரும் அந்த இளஞ்சிவப்புத் தண்டுக்குத் தோல் உரிக்க வேண்டியதில்லை. பின்னால் திறந்தவெளியில் விளைந்து வருவதில் நார் இருக்கும். முனையைக் கிள்ளி இழுத்தால் வந்துவிடும். இலையில் ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. அது நஞ்சு, ஒரு துண்டுகூடச் சமையலில் சேரக் கூடாது.

ஏரிக்குக் காரணம்: தண்டு பெரும்பாலும் தண்ணீர்தான், சர்க்கரை பட்டதும் அது வெளியே வந்துவிடும். அதனால் முதலிலேயே வரவழைத்து வடித்துவிடுங்கள். 800 கிராம் தண்டை 3 செ.மீ. துண்டுகளாக்கி, 130 கிராம் சர்க்கரையும் ஒரு ஆரஞ்சின் துருவிய தோலும் சேர்த்து, மூடாமல் 200 டிகிரியில் 15 நிமிடம் அவனில் வையுங்கள். வெறும் அலுமினியத் தட்டு வேண்டாம்; புளிப்பு அதைத் தின்று சுவையைக் கெடுக்கும். பிறகு சாற்றை வடித்து, துண்டுகளில் ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவு புரட்டி, ஆறியதும் மேல்மாவு தூவுங்கள். வடித்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். சிறுதீயில் பாதியாக வற்றவிட்டால் பரிமாறும்போது மேலே ஊற்ற இளஞ்சிவப்புப் பாகு தயார். மேல்மாவில் ஒரு டீஸ்பூன் சுக்குப்பொடி சேர்த்தால் ரூபார்ப்புடன் பிரமாதமாக ஒத்துப்போகும்.

கேள்வி: ஓட்ஸ் சேர்க்கலாமா? செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வருவது)?

ஓட்ஸ் சேர்க்கலாம். மைதாவில் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் தட்டை ஓட்ஸ் 50 கிராம். அதற்கு மேல் போனால் காலைக் கஞ்சியின் வாடை வரும். செல்ஃப் ரெய்சிங் மாவு உப்பிக் கேக் போல மெத்தென்று ஆகும். சிலருக்குப் பிடிக்கும், நமக்கு இல்லை. பால்பொருள் வேண்டாதவர்கள் டப்பா ஸ்பிரெட்டை விட்டு, கட்டியாக வரும் தாவரக் கொழுப்பை வாங்குங்கள். கொழுப்பு 75 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று உறையில் பாருங்கள்.

கேள்வி: கிரம்பிள் போர்க்காலத்துப் பண்டம் என்பது உண்மையா?

பரவலானது அப்போதுதான். 1940 ஜனவரி 8 முதல் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன். அடியும் மேலும் மாவு மூடிய ஆப்பிள் பை (pie) செய்ய இரட்டிப்பு மாவும் கொழுப்பும் வேண்டும். கிரம்பிளுக்கு மேலே மட்டும் மாவு போதும், அதுவும் கிடைத்த கொழுப்பில், கொஞ்சம் ஓட்ஸைக் கலந்து சமாளிக்கலாம். 1954 ஜூலை 4இல் ரேஷன் முழுவதும் முடிந்தது. கிரம்பிள் மட்டும் போகவில்லை.

கேள்வி: கூட ஊற்றும் முட்டைக் கஸ்டர்ட் ஒவ்வொரு தடவையும் திரிந்து முட்டைப் பொரியலாகிறது. வீட்டில் முட்டை சாப்பிடாதவர்களும் இருக்கிறார்கள்.
– ஸ்லாவ் வாசகி

400 மி.லி. பால், 100 மி.லி. டபுள் கிரீம் (கொழுப்பு மிகுந்த கெட்டிப் பாலேடு), 4 மஞ்சள் கரு, 40 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வனிலா. பாலையும் கிரீமையும் ஆவி பறக்கும்வரை சூடாக்கி, சர்க்கரையுடன் அடித்த மஞ்சள் கருவில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். திரும்ப அடுப்பில் ஏற்றி, சிறுதீயில், அடிபிடிக்காமல் கிளறுங்கள். 80 டிகிரியைத் தாண்டியதும் கெட்டிப்படும், 85ஐத் தாண்டினால் திரியும். இந்த ஐந்து டிகிரிக்குள்தான் விளையாட்டு. மரக்கரண்டியின் பின்புறம் படிந்ததில் விரலால் கோடு போட்டால் கோடு கலையாமல் நிற்க வேண்டும். உடனே இறக்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

பயமாக இருந்தால் மஞ்சள் கருவோடு இரண்டு டீஸ்பூன் சோளமாவு சேருங்கள், திரிவது குறையும். ஆனால் அப்போது ஒரு கொதி வரவேண்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. கொதிக்காமல் விட்டால் ராத்திரி கெட்டியாக இருந்தது காலையில் நீர்த்துவிடும். லேசாகத் திரிந்துவிட்டதை உடனே மிக்சியில் ஒரு சுற்று சுற்றி வடிகட்டினால் காப்பாற்றலாம்.

முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு பேர்ட்ஸ் கஸ்டர்ட் பவுடர். பர்மிங்காமின் ஆல்ஃபிரட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகவே 1837இல் சோளமாவில் உருவாக்கியது. 568 மி.லி. பாலுக்கு, அதாவது ஒரு பைண்டுக்கு, இரண்டு டேபிள்ஸ்பூன் பவுடரும் ஒன்றரை டேபிள்ஸ்பூன் சர்க்கரையும். கொஞ்சம் குளிர்ந்த பாலில் கரைத்துவிட்டுத்தான் சூடான பாலில் சேர்க்க வேண்டும். ஆடை படியாமலிருக்க பட்டர் பேப்பரை கஸ்டர்டின் மேல் படும்படி போட்டு வையுங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் வைக்கலாமா?

பிசறிய மாவைப் பச்சையாகவே பையில் போட்டு மூன்று மாதம் வைக்கலாம். உருகவிடாமல் நேராகப் பழத்தின் மேல் தூவுங்கள். உண்மையில் உறைந்த மாவில் இன்னும் நல்ல மொறுமொறுப்பு வரும். வெந்து மிஞ்சியதை 170 டிகிரி அவனில் 20 நிமிடம் சூடுபடுத்துங்கள், மைக்ரோவேவில் வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரீசரிலிருந்து நேரே சூடான அவனுக்குள் வைத்தால் வெடிக்கலாம்.

கேள்வி: எங்கள் அவனில் டிகிரி இல்லை, கேஸ் மார்க் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன.

190 டிகிரி என்றால் 5. 180க்கு 4, 200க்கு 6.

கேள்வி: வேலியோரம் பறித்த பிளாக்பெரி ஒரு டப்பா இருக்கிறது. எப்போது சேர்ப்பது?
– ஷெஃபீல்ட் வாசகி

ஆப்பிளில் 250 கிராமைக் குறைத்து அதே எடைக்குப் பிளாக்பெரி. தனியாக வேகவைக்க வேண்டாம். ஆப்பிளோடு கலந்து ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவில் புரட்டிவிடுங்கள். உறைந்த பழமென்றாலும் உருகவிடாமல் அப்படியே போடுங்கள். அக்டோபர் 10க்குப் பிறகு பறிக்காதே, பழத்தில் சாத்தான் எச்சில் துப்பியிருப்பான் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சாத்தானோ இல்லையோ, அந்தக் குளிரிலும் மழையிலும் பழம் நீர்கோத்துப் பூஞ்சை பிடித்துத்தான் இருக்கும். பறித்த அன்றே சமைத்துவிடுங்கள். கழுவினால் துணியில் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகு போடுங்கள்.