அரசனை வீட்டுக்குப் போய் அழைத்து வரும் சங்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். அதே தொழிலில் பெயர்பெற்ற ஊரான பிரேசிலின் புளூமெனாவுக்கு வேலையாகச் சென்றிருந்தபோது, அங்கு ஆண்டுதோறும் நடக்கும் 'அக்டோபர்ஃபெஸ்ட்' என்ற ஜெர்மானியப் பீர் விழாவைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. தோல் கால்சட்டையும் இறகு செருகிய தொப்பியும் அணிந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரிந்தார்கள். பேசியதோ போர்த்துகீசியம் மட்டுமே. மரபு உடையை முழுமையாக அணிந்து வருவோருக்கு அப்போது அனுமதிக் கட்டணம் இல்லை என்பதால் பலர் அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். விழாவே 1984இல்தான் தொடங்கியதாம். ஜெர்மானிய வம்சாவளியினரின் பண்பாட்டுச் சங்கங்கள் எடுக்கும் விழாக்கள் எல்லாமே இப்படிச் சுற்றுலாவுக்காகக் கட்டிய வேடம்தானா?

அன்புடன்,
ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்டது சரி; அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தோல் கால்சட்டை தென் ஜெர்மனியின் பவேரியாவுக்கும் அதை ஒட்டிய ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்கும் உரியது. ஹெர்மன் புளூமெனாவ் என்ற மருந்தியலாளர் 1850இல் அமைத்த குடியேற்றத்துக்கு முதலில் வந்த பதினேழு பேரும், அவர்களுக்குப் பின்னால் பொமரேனியா, ஹோல்ஸ்டைன், பிரவுன்ஷ்வைக், சாக்ஸனி போன்ற வட, நடு ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோரும் தங்கள் ஊரில் அதை உடுத்தியவர்கள் அல்லர். ஆகவே அது இரவல் உடை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏன் இரவல் வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1983 ஜூலையில் இட்டஜாய் ஆறு பதினைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்து ஊரை மூழ்கடித்தது. அந்தச் சேற்றை வழித்துக் கொட்டி ஓராண்டு ஆவதற்குள், 1984 ஆகஸ்டில் மீண்டும் அதே அளவுக்கு வெள்ளம் வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் நடந்ததுதான் முதல் அக்டோபர்ஃபெஸ்ட். பத்து நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வந்தார்கள். கையில் பணமும் மனத்தில் தெம்பும் வற்றிப்போன ஒரு நகரம், வெளியூர்க்காரர்கள் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் ஒரு பெயரை, அதே பெயரில் பீர் விழா நடக்கும் மியூனிக்கிலிருந்து எடுத்துக்கொண்டதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நீங்கள் பார்த்தது அந்த ஊரின் வாசல் திண்ணையை மட்டும்தான். உள்ளே நடப்பவை சங்கங்களின் விழாக்கள். அவற்றில் மிகப் பழையவை துப்பாக்கி சுடும் சங்கங்களுக்கு உரியவை. ஜெர்மானிய நகரங்களில் ஊர்க்காவலுக்காக இடைக்காலத்தில் தோன்றிய இந்த அமைப்பு, புளூமெனாவில் 1859இலேயே, அதாவது குடியேற்றத்துக்கு ஒன்பது வயது ஆனபோதே, உருவாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களுக்குள் குறி பார்த்துச் சுடும் போட்டி நடக்கும். வெல்பவர் அடுத்த ஓராண்டுக்குச் சங்கத்தின் 'அரசன்'. பெண்களுக்கும் தனிப் போட்டி உண்டு, அவர்களுக்கு 'அரசி' பட்டம். சில சங்கங்களில் கம்பத்தின் உச்சியில் பொருத்திய மரப்பறவையைத் துண்டு துண்டாகச் சுட்டு வீழ்த்தும் போட்டியும் உண்டு.

இந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சுடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. விழா நாளில் உறுப்பினர்கள் சீருடையோடு கூடி, கொடி முன்னே செல்ல, பித்தளைக் குழல்களின் வாத்தியம் முழங்க, சென்ற ஆண்டின் அரசனுடைய வீட்டுக்கு நடந்தே போகிறார்கள். அவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆலைத் தொழிலாளியாகவோ கடைக்காரராகவோ இருப்பார். வீட்டு முற்றத்தில் மேசை போட்டு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவர் பீரும் பலகாரமும் தர வேண்டும். பிறகு பதக்கங்கள் கோத்த பட்டையை மார்பில் அணிந்துகொண்டு ஊர்வலத்தின் நடுவே சங்கக் கூடத்துக்கு வர வேண்டும். மார்பில் கனக்கும் அந்தப் பட்டையும், கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் வண்ணம் தீட்டிய மர இலக்குப் பலகைகளும்தான் சங்கத்தின் வரலாற்று ஏடு. யார் எந்த ஆண்டு அரசனாக இருந்தார் என்பதை அங்கேயே படித்துக்கொள்ளலாம். அரசனாவது செலவு பிடித்த பெருமை என்பதால், வேண்டுமென்றே குறி தவறிச் சுடுகிறவர்களைப் பற்றிய கேலிக்கும் இத்தகைய சங்கங்களில் பஞ்சமில்லை. இதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது. பார்வையாளர் வராவிட்டாலும் விழா நடக்கும். ஒரு விழாவின் வயதையும் உடையையும் விட, பார்ப்பதற்கு ஆள் இல்லாதபோதும் அது நடக்குமா என்ற கேள்வியைத்தான் நான் உரைகல்லாகக் கொள்வேன்.

மொழி எங்கே போனது என்று நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். அது தானாகத் தேய்ந்ததில் பாதி. மீதியை அரசு தேய்த்தது. கெட்டூலியோ வார்கஸின் சர்வாதிகார ஆட்சி 1938 முதல் தீவிரமாக நடத்திய தேசியமயமாக்கலில் ஜெர்மன் வழிப் பள்ளிகள் மூடப்பட்டன. பிரேசில் போரில் இறங்கிய 1942ஆம் ஆண்டில் பொது இடத்தில் ஜெர்மன் பேசுவதே குற்றமாயிற்று. சுடும் சங்கங்களின் துப்பாக்கிகள் பறிமுதல் ஆயின. சங்கங்கள் பெயரை மாற்றிக்கொண்டன: 1859இன் சுடும் சங்கம் இன்று தபஜாரா என்ற பழங்குடிப் பெயருடைய டென்னிஸ் கிளப், 1860இல் தோன்றிய 'ஃப்ரோசின்' நாடகச் சங்கத்தின் அரங்கம் பிரேசில் நாட்டு இசையமைப்பாளர் கார்லோஸ் கோமெஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரசின் அச்சம் முழுவதும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. நாஜிக் கட்சிக்கு பிரேசிலில் சுமார் 2,900 உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஜெர்மனியில் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை கொண்டவர்கள். மூன்று தலைமுறைக்கு முன் வந்த பொமரேனிய உழவனின் பேரனால் அதில் சேரவே முடியாது. அடி விழுந்ததோ அந்தப் பேரனின் பள்ளிக்கூடத்தின் மீதும் பாட்டுக் குழுவின் மீதும்தான். போர் முடிந்து சங்கங்கள் மெல்லத் திறந்தபோது, ஒரு தலைமுறைக் குழந்தைகள் போர்த்துகீசியத்திலேயே வளர்ந்துவிட்டிருந்தார்கள். பேச்சு இல்லாமலும் நடத்தக்கூடிய நடனம், வாத்தியம், சமையல், குறி பார்த்தல் ஆகியவை முதலில் மீண்டன. நீங்கள் கண்ட இளைஞர்கள் அதன் வாரிசுகள்.

மரபு இடம் மாறும்போது என்ன ஆகிறது என்பதற்குப் பக்கத்து ஊரான குவாபிருபா இன்னும் நல்ல சான்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் குழந்தைகளை மிரட்ட வரும் 'பெல்ஸ்நிக்கல்' என்ற முரட்டு உருவம், தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதியினர் கொண்டுவந்த வழக்கம். ஜெர்மனியின் குளிரில் அவன் மிருகத்தோல் போர்த்தி வருவான். இங்கே டிசம்பர் கோடைக்காலம் என்பதால், காட்டு இலைகளையும் மரத்திலிருந்து தாடிபோலத் தொங்கும் பாசியையும் உடம்பெங்கும் கட்டிக்கொண்டு புதரிலிருந்து வெளிவருகிறான். இவனுக்காகவே அந்த ஊரில் ஒரு சங்கம் இயங்குகிறது. பவேரியக் கால்சட்டையை விட இந்தப் பாசித்தாடியில்தான் எனக்கு உயிர் தெரிகிறது, ஏனெனில் இது அந்த மண்ணில் மட்டுமே இப்படி ஆகியிருக்க முடியும்.

இவ்வளவு பரிந்து பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்த விழாக்கள் கொண்டாடும் முன்னோர் குடியேறிய பள்ளத்தாக்கு ஷொக்லெங் பழங்குடியினருடையது. கூலிக்கு வேட்டையாடும் கும்பல்களைக் கொண்டு அவர்களில் பெரும்பாலோரைக் காட்டிலிருந்து துடைத்தழித்தார்கள். இது பழங்கதையும் அல்ல. புளூமெனாவை வெள்ளத்திலிருந்து காக்கக் கட்டிய வடக்கு அணை ஷொக்லெங் நிலத்தில்தான் நிற்கிறது. 2023 அக்டோபரில் வெள்ளம் வந்து அக்டோபர்ஃபெஸ்ட்டே இடைநிறுத்தப்பட்ட நாட்களில், அணையின் மதகுகளை மூடியதால் தங்கள் குடியிருப்புகள் மூழ்கும் என்று எதிர்த்த ஷொக்லெங் மக்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் நிகழ்ந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவர்களுடைய நில வழக்கில் பிரேசிலின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. விழா போலியா என்பதைக் காட்டிலும் இது எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

அடுத்த முறை போகும்போது, உங்களோடு வணிகம் செய்பவரிடம் அவர் குடும்பம் எந்தச் சங்கத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அரசனை அழைத்துவரும் விழா சங்கத்துக்குச் சங்கம் வேறு வேறு மாதத்தில் வரும் என்பதால், அக்டோபரில்தான் போக வேண்டும் என்பதில்லை. அழைத்தால் மறுக்காமல் போய், சிவப்பு முட்டைக்கோஸோடு பரிமாறும் வாத்துக்கறியையும் சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.