சுவருக்கடியில் நுழையும் அருகம்புல்: காய்கறிப் பாத்தியை மீட்பது எப்படி?

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டின் பின்புறம் ஒன்றரை சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, தக்காளி வைத்திருக்கிறோம். பக்கத்துக் காலிமனையிலிருந்து அருகம்புல் சுற்றுச்சுவருக்கு அடியில் நுழைந்து பாத்தி முழுவதும் பரவிவிட்டது. வாரந்தோறும் பிடுங்கியும் குறையவில்லை. களைக்கொல்லி அடிக்கலாமா? உப்புக் கரைசல் ஊற்றலாமா?"

இரண்டும் வேண்டாம். உப்பு புல்லைக் கருக்கும்; ஆனால் மண்ணில் தங்கிவிடும், அதன்பின் அந்த இடத்தில் கத்தரியும் வராது. களைக்கொல்லியைப் பொறுத்தவரை, பலரும் கேட்டு வாங்கும் கிளைபோசேட் பச்சையாக உள்ள எதையும் விட்டுவைக்காது. காற்றில் பறக்கும் துளி பட்டாலே தக்காளிச் செடி சுருண்டுவிடும். மேலும், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. வீட்டார் பறித்துச் சமைக்கும் பாத்தியில் அதற்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், வந்திருப்பது அருகுதானா என்று பாருங்கள். தண்டை விரல்களுக்கிடையே உருட்டும்போது மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது கோரை. அதன் உயிர் கிழங்கில் இருக்கிறது, அதை ஒழிக்கும் வழியும் வேறு. தண்டு உருண்டையாக, தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டிருந்தால் அருகு.

"ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று நாம் மணமக்களை வாழ்த்துவது இந்தப் புல்லின் இயல்பைப் பார்த்துத்தான். தரைக்கு மேல் ஓடுகொடியாகவும் மண்ணுக்குள் அடித்தண்டாகவும் அது இருவழியிலும் பரவுகிறது. ஒரு கொத்தைத் தோண்டி எடுத்துக் கழுவிப் பாருங்கள்: வைக்கோல் நிறத்தில், செதில் மூடிய, ஊசிபோல் கூர்ந்த நுனியுடன் ஒரு தண்டு தெரியும். அதன் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உறங்குகிறது. நீங்கள் வாரந்தோறும் பிடுங்கும்போது இந்தத் தண்டு கணுவில் அறுந்து, மிச்சம் மண்ணிலேயே நின்றுவிடுகிறது. அதில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக்கொண்டு புல் மறுபடி தளிர்க்கிறது. மண்வெட்டியால் கொத்துவதும், சிறு உழவு எந்திரம் ஓட்டுவதும் ஒரு தண்டைப் பத்துத் துண்டாக்கிப் பாத்தியெங்கும் நடுவதற்குச் சமம்.

ஆகவே வெளியிலிருந்து வரும் வழியை அடைப்பதில் தொடங்குங்கள். உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தாலும் சுவரோரம் திறந்திருந்தால் அடுத்த மழைக்குள் பழையபடி ஆகிவிடும். சுவரை ஒட்டி ஒன்றே கால் அடி ஆழத்திற்குக் குறுகலாகப் பள்ளம் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் தகட்டையோ கடப்பைக் கல்லையோ இடைவெளியின்றி நிறுத்தி, மேலே மூன்று விரல் உயரம் தெரியுமாறு மண் தள்ளுங்கள். அதையடுத்து ஓரடி அகலத்தை எதுவும் நடாமல் வெற்றுத் தரையாக விட்டுவைத்தால், தாண்டி வரும் ஓடுகொடி வேர்பிடிக்கும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

அடுத்து உள்ளே உள்ள புல். இதற்கு ஏற்ற காலம் நம் ஊரின் சித்திரை, வைகாசி வெயில்தான். அறுவடை முடிந்த பாத்தியை ஈரம் காய்ந்த பின் கடப்பாரையால் நெம்பி, கட்டிகளைக் கையால் உடைத்து, அடித்தண்டுகளை அறுபடாமல் உருவி எடுங்கள். பெரும்பகுதி மேல் அரை அடிக்குள் இருக்கும். மணற்பாங்கான மண்ணில் இன்னும் கீழே போகும். எடுத்ததை உரக்குழியில் போடாமல் மொட்டைமாடியில் 10 முதல் 15 நாள் சருகாகும்வரை காயவிடுங்கள், அல்லது ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுத்துவிடுங்கள்.

பின்னர் மண்ணைச் சமன்செய்து, நன்றாக நீர் பாய்ச்சி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டுமாறு விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணுக்குள் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாளைவிட இதன் அடியில்தான் மண் அதிகம் சூடேறும். தாள் கிழிந்தால் அன்றே ஒட்டிவிட வேண்டும். காற்று புகுந்தால் உழைப்பு வீண். எடுத்த பிறகு மண்ணை ஆழமாகப் புரட்டாதீர்கள், வெப்பம் எட்டாத அடிமண்ணில் தப்பிய துண்டுகள் மேலே வந்துவிடும்.

கோடைவரை காத்திருக்க முடியாவிட்டால் நிழலைப் பயன்படுத்துங்கள். அருகுக்கு நிழல் ஆகாது. புல்லை ஒட்ட அறுத்து, அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு விரித்து, நனைத்து, மேலே அரை அடிக்கு வைக்கோலோ சருகோ மூடாக்காக இடுங்கள். தட்டைப்பயறும் சர்க்கரைவள்ளிக் கொடியும் அடர்ந்து மூடினாலும் புல் நலிவடையும். முருங்கை, கறிவேப்பிலை போன்றவற்றின் அடியில் மட்டும் அட்டை தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

எந்த முறையானாலும் சில தளிர்கள் மீண்டும் எழும். அவை மூன்று நான்கு இலை விடுவதற்குள், புதிய சத்து கீழே இறங்கும் முன்பே, வாரம் ஒருமுறை அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். இதை ஓராண்டாவது தளராமல் செய்தாக வேண்டும். புதிதாகச் செம்மண்ணோ தொழுவுரமோ இறக்கும்போதும், நாற்றுப்பை வாங்கும்போதும் அந்தக் கூர்நுனித் தண்டு ஒளிந்திருக்கிறதா என்று கிளறிப் பார்த்தே உள்ளே விடுங்கள்.